முதுகைக் காட்டி நிற்கிற ஆள்

நல்லூர், திருப்பூர்
10.2.2025

அன்புள்ள மோனிஷாக் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. டெலிவரி சலானில் கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது. பத்தாவது வரை படித்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பத்தாவதுக்குள் போனது நிஜம். ஒழுங்காக வெளியே வந்தேனா என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த கதை. போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, படக்கென்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதென்றாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி.

விஷயம் இதுதான். நம் தையல் யூனிட்டில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற டேனியல் சாயங்கால டீ நேரத்தில் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "அண்ணாச்சி, நம்ம பாப்பா சொந்தமா ஒரு கேம் செஞ்சிருக்காம்லா? டிரெய்லர் வந்திருக்கு, பாருங்க" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெஷினை எல்லாம் நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் கூப்பிட்டு, "எம் பொண்ணு பெங்களூர்ல பண்ணுனதாக்கும்" என்று நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

பார்த்தால் நம் ஊடு. முன்னால் ஹாலில் நம் யூனிட் மெஷின் வரிசை, அதற்கு மேல் தாழத் தொங்கும் டியூப்லைட்டுகள், உள்ளே போனால் அடுப்படியில் மஞ்சள் குண்டு பல்பு. சுவரில் காலண்டர் மாட்டின ஆணி கூட அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் பார்த்தவர்கள் ஒவ்வொருத்தராக மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். துணி செக்கிங் பார்க்கிற பொம்பளை ஒருத்தி, "ஏனுங்க, அந்த ஊட்ல பேய் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டாள். நாங்கள் இருபத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணின ஊடு, சாமி.

அப்புறம் அந்த ஆள். வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையில் துணியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்க்கிறான். டியூப்லைட்டில் ஷேடு பார்த்தால் ஏமாற்றிவிடும், வாசல் வெயிலில்தான் கலர் நிஜம் சொல்லும் என்று நான் உனக்குச் சின்ன வயசிலேயே சொல்லியிருக்கிறேன். அதை இப்படி ஞாபகம் வைத்திருப்பாய் என்று தெரியாது. என் பின்மண்டை வழுக்கையைக் கூட நீ விட்டுவைக்கவில்லை. கேமில் கூப்பிடுகிறார்கள், கூப்பிடுகிறார்கள், அவன் திரும்பவே மாட்டேன் என்கிறான். கீழே அமெரிக்காக்காரர்கள் இங்கிலீஷில் எழுதியிருந்ததை டேனியல் படித்துச் சொன்னான்: "இந்த ஆளப் பார்த்தாலே பயமா இருக்குன்னு போட்டிருக்கானுவ அண்ணாச்சி." என் யூனிட்டில் ஹெல்பர் கூட எனக்குப் பயப்படுவதில்லை. எனக்குப் பயப்படுகிற ஆட்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

ரெண்டே விண்ணப்பம். பங்குனியில் உங்கம்மாவுக்கு வருஷத் திதி வருகிறது, வா. கேம் முழுசாக வெளியாவதற்குள் அந்த ஆளை ஒரே ஒரு தடவை திரும்ப வை. சிரிக்கக் கூட வேண்டாம். திரும்பினால் போதும்.

இப்படிக்கு
உன் அப்பா,
கந்தப்பன்


பெங்களூர்
18.2.2025

அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. கடைசி வரை படித்தேன்.

அந்த ஆள் திரும்ப மாட்டார். ஏன் என்று சொல்கிறேன். என் வேலை என்னவென்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை, இதையாவது படியுங்கள்.

கேமில் ஆடுகிறவர்களுக்கு "இந்தப் பக்கம் போ" என்று எழுதிக் காட்டுவது மட்டமான வேலை. வெளிச்சத்தை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். எங்கே வெளிச்சமோ அங்கேதான் கண் போகும், கண் போன பக்கம் கால் போகும். அதனால் ஹாலை நீலம் கலந்த வெள்ளையாக்கினேன். மெஷின் வரிசை, தரையில் டைல்ஸ் கோடு, தொங்குகிற டியூப்லைட்டுகள், எல்லாமே வாசலை நோக்கி ஓடுகிற மாதிரி அடுக்கினேன். அந்தக் கோடுகள் எல்லாம் முடிகிற இடத்தில் அந்த ஆள். ஆட ஆரம்பித்தவுடன் யாராக இருந்தாலும் நேரே அவரிடம் போவார்கள்.

அடுப்படி ஆரம்பத்திலேயே இடது கைப் பக்கம் இருக்கிறது. அங்கே எல்லாம் ஒரே மஞ்சள். சுவர் மஞ்சள், பாத்திரத்தில் மஞ்சள், புடவையும் அந்த வெளிச்சத்தில் மஞ்சள். ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியாது. அங்கே ஒரு பெண் நிற்கிறாள் என்பது வளையல் சத்தத்தை வைத்துத்தான் தெரியும். ஆடுகிறவர்கள் அவளைத் தாண்டிப் போகிறார்கள். அந்த ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துத் திரும்பி வந்தால் அடுப்பு அணைந்திருக்கும். அவள் இருக்க மாட்டாள். அவ்வளவுதான் கேம். ஒரு பேயும் நான் வைக்கவில்லை. வெளிச்சத்தை வைத்த விதத்திலேயே அவர்களுக்குப் பயம் வருகிறது.

அம்மாவைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? "கண்ணு மஞ்சளாகி ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். ஊட்ல யாருமே பார்க்கலீங்களா?" என்றார். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். முன்னாடியே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். அதற்கும் தரையையே பார்த்தீர்கள்.

வந்த துணி ஒவ்வொன்றையும் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பீர்கள். அம்மாவை ஒரு நாள் வாசலுக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தீர்களா?

திதிக்கு நான் வரவில்லை.

மோனிஷா


நல்லூர்
25.2.2025

மோனிஷாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நல்ல தமிழில் எழுதியிருக்கிறாய். எனக்கே பாராட்டத் தோன்றியது, அப்புறம்தான் அந்தத் தமிழ் யார் மேலே விழுகிறது என்று உறைத்தது.

டியூப்லைட் எல்லாம் மெஷினுக்கு மேலே கட்டினது நான்தான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவனுக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் தையல் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம் போகும். அடுப்படிக்கும் ஒன்று கட்டுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றது உங்கம்மா. "சோத்துக்கு எதுக்குங்க ஷேடு?" என்று சிரித்தாள். கேமில் அந்தச் சிரிப்பைப் போட்டாயா? போட்டிருக்க மாட்டாய். சிரிப்பு இருந்தால் அமெரிக்காக்காரன் பயப்பட மாட்டான்.

அவள் செவ்வாய், வெள்ளி மஞ்சள் பூசிக் குளிக்கிறவள். பொண்டாட்டி முகம் மஞ்சளாக இருந்தால் வீட்டுக்கு லட்சணம் என்று நினைக்கிற ஊரில் என்னை வளர்த்துவிட்டார்கள். கொஞ்ச நாளாக மஞ்சள் நன்றாகப் பிடித்திருக்கிறதே என்று நான் நினைத்திருக்கிறேன். நினைத்தது மட்டுமா, அவளிடமே சொன்னேன். "வயசாக வயசாகத்தான் களை வருது உனக்கு" என்றேன். வெட்கப்பட்டாள். இதையும் உன் கேமில் சேர்த்துக்கொள். நல்ல பயமாக இருக்கும்.

இத்தனை சொன்ன நீ இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். போன வருஷம் அந்தத் தை, மாசி ரெண்டும் நீ இங்கேதான் இருந்தாய். வீட்டிலிருந்தே வேலை என்று வந்தாய். வெயில் பட்டால் ஸ்கிரீனில் கலர் மாறித் தெரிகிறது என்று என்னிடமே ரிஜெக்ட் ஆன கறுப்புத் துணியைக் கேட்டு வாங்கி மாடி ரூம் ஜன்னலில் அடித்தாய். உங்கம்மா மூட்டுவலியோடு படியேறி வந்து சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போவாள். அந்த இருட்டில் யார் முகம் யாருக்குத் தெரிந்தது?

உன் கேமில் அந்த ரூம் எங்கே? டேனியலைத் தேடச் சொன்னேன். அவன் டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, "மாடிப்படியே இல்ல அண்ணாச்சி" என்றான். காலண்டர் ஆணியை வைத்தவளுக்கு மாடிப்படி மறந்துவிட்டதா?

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதினதை அடிக்கவும் மனசில்லை.

அப்பா


பெங்களூர்
4.3.2025

அப்பாவுக்கு,

மாடிப்படி மறக்கவில்லை. முதலில் செய்திருந்தேன், பிறகு எடுத்துவிட்டேன். இரண்டு இடத்தில் வெளிச்சம் வைத்தால் ஆடுகிறவர்களின் கண் அலைபாயும். மேலே போவதா, வாசலுக்குப் போவதா என்று நிற்பார்கள். காட்சி உடைந்துவிடும். ஒரு காட்சியில் கண் போக ஒரே இடம்தான் இருக்க வேண்டும். இது தொழில். இதில் வேறு அர்த்தம் தேடாதீர்கள்.

அம்மாவிடம் அப்படிச் சொன்னீர்கள் என்பதை என்னிடம் எழுதாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாளாக என்னால் வேலை பார்க்க முடியவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

டெமோவைப் போட்டிருக்கிறோம். காசு இல்லாமல் யாரும் இறக்கி ஆடிப் பார்க்கலாம். டேனியல் அண்ணனிடம் சொன்னால் செய்து தருவார். ஆடிப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். ஒரு நிமிஷ டிரெய்லரை வைத்து என்னிடம் நியாயம் பேசாதீர்கள்.

இன்னொரு விஷயம். அம்மாவுக்கு மாலை போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறீர்களே, காங்கேயத்தில் சொந்தக்காரர் கல்யாணத்தில் நீங்கள் இரண்டு பேரும் நிற்கிற படத்திலிருந்து அம்மாவை மட்டும் எடுத்துப் போட்டது. திதிக்கு அந்தப் படத்தை வைக்காதீர்கள். வேறு படம் பாருங்கள். அதில் கலர் சரியில்லை.

மோனிஷா


நல்லூர்
12.3.2025

அன்புள்ள கண்ணு,

ஆடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டேனியல் சர்ச்சுக்குப் போய் வந்ததும் அவன் வீட்டு லேப்டாப்பில் இறக்கிக் கொடுத்தான். முதல் பத்து நிமிஷம் நான் சுவரிலேயே மோதிக்கொண்டிருந்தேன். சொந்த வீட்டில் வழி தெரியாமல் முட்டுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒரு தடவை மேலே பார்த்தேன், அப்புறம் கீழே பார்க்க வரவில்லை. "அண்ணாச்சி, கூரையவே பாத்துட்டு நடக்கீங்க" என்று டேனியல் சிரித்தான். அவன் பொண்டாட்டி ரோஸ்மேரி டீயை வைத்துவிட்டு, "வண்டி ஓட்டுதமாரி மெதுவா திருப்புங்கண்ணே" என்று டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள்.

கை பழகினதும் நீ எழுதினது புரிந்தது. எனக்குத்தான் எல்லாம் முன்னமே தெரியுமே. இடது கைப் பக்கம் அடுப்படி, அதில் அவள், முதலில் அங்கேதான் போக வேண்டும் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன். ஆனால் தொடங்கினவுடன் என் கை வாசல் பக்கம்தான் போனது, சாமி. அந்த வெள்ளை வெளிச்சம் இழுத்துவிட்டது. பாதி ஹால் போனபிறகுதான், அடடா என்று நின்றேன். தெரிந்தவனையே ஏமாற்றுகிறாய் நீ. தொழில் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

திரும்பி அடுப்படிக்குப் போனேன். வளையல் சத்தம் கேட்டது. கூப்பிடுகிற பட்டனை அமுக்கினேன். அவள் திரும்பினாள். அவன் திரும்ப மாட்டான், அவள் ஒரு தடவை கூப்பிட்டதும் திரும்புகிறாள், நீ அதையும் சரியாகத்தான் வைத்திருக்கிறாய். ஆனால் முகம் தெரியவில்லை. அந்தக் குண்டு பல்பு வெளிச்சத்தில் மூக்கு, கண் எல்லாம் ஒரே மஞ்சளாக இருக்கிறது. கிட்டப் போனாலும் தெரியவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை. இவளைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போய்விட்டால்? அங்கேதான் வெயில் இருக்கிறதே.

டேனியலிடம், கையைப் பிடிக்கிற பட்டன் எது என்று கேட்டேன். அவன் எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தான். நானும் அமுக்கினேன். எண்கள், புள்ளி, கமா, ஒன்றையும் விடவில்லை. "அப்படி ஒண்ணு வைக்கல போலிருக்கு அண்ணாச்சி" என்றான். அப்புறம் அடுப்பு அணைந்துவிட்டது. ரோஸ்மேரி உள்ளே போய்விட்டாள். டேனியல் லேப்டாப்பை மூடினான்.

உன் மேல் எனக்கு வருத்தம் உண்டு, அது போகவில்லை. ஆனால் இதைப் பேய் வீடு என்று இனிச் சொல்ல மாட்டேன்.

படத்தில் கலர் சரியில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. முகம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் நீ கலர் படித்தவள், உன் பேச்சைக் கேட்கிறேன். அவளுக்கு அதைவிட நல்ல படம் வேறு இல்லை, போட்டோ என்றாலே ஓடி ஒளிகிறவள். அதனால் அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்த காங்கேயம் ரோட்டு ஸ்டுடியோவுக்கே எடுத்துப் போய், கலரைச் சரி பண்ணிக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொல்லப் போகிறேன். ஸ்டுடியோக்கார அருண்குமார் நல்ல பையன், செய்து தருவான்.

திதிக்கு வருவாயா என்று கேட்டு எழுதவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

அப்பா


பெங்களூர்
17.3.2025

அப்பா,

ஸ்டுடியோவுக்குப் போகாதீர்கள். தயவுசெய்து. படம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், அதையே வையுங்கள். நான் சொன்னது தப்பு. கலர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அருண்குமார் அண்ணனிடம் எதையும் கேட்க வேண்டாம்.

உங்களுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. நீங்கள் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். எழுதுவதையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் இதற்கு மேல் வரவில்லை.

போகாதீர்கள் அப்பா.

மோனிஷா


நல்லூர்
21.3.2025

அன்புள்ள மோனிஷாக் கண்ணுக்கு,

உன் கடிதம் இன்றைக்கு வந்தது. நேற்றே போய்விட்டேன்.

உன் மிஸ்டு காலையும் பார்த்தேன். திரும்பக் கூப்பிடத்தான் போனைக் கையில் எடுத்தேன். உன் பேரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஸ்கிரீன் அணைந்துவிட்டது. நம் ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்.

அருண்குமார் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கலர் சரியாத்தானுங்களே இருக்குது? எதுக்கும் இருங்க, பாப்பா அனுப்புனது போன்ல கெடக்கும்" என்று தேடி எடுத்தான். ரெண்டு படம் இருந்தது. போன வருஷம் தை மாசம், அந்தக் காங்கேயம் கல்யாணத்தன்றைக்கே அனுப்பியிருக்கிறாய். எங்கள் கல்யாண நாளுக்குப் பிரேம் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாய். எனக்கு அது தெரியாது. பிரேம் வந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், யார் போட்டது என்று நான் கேட்கவும் இல்லை.

அருண்குமாருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். பெருமையாகத்தான் சொன்னான். "மொதல்ல இதத்தானுங்க அனுப்புச்சு. அப்பறம் அன்னைக்கே இன்னொண்ணு அனுப்பி, 'மொதப் படம் வேண்டாங்ண்ணா, மஞ்சள் ஏறிக் கெடக்குது, நானே சரி பண்ணிட்டேன்'ன்னு சொல்லுச்சு. நம்மள விடச் சுத்தமா பண்ணிருந்துச்சுங்க. பாருங்க, கண்ணுல வெள்ளைய மட்டும் தனியா எடுத்து வெளுப்புப் பண்ணியிருக்குது." சொல்லிவிட்டு ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிசாக்கிக் காட்டினான்.

மொதல் படத்தைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். மண்டபத்து வாசல், காலை வெயில். என் வேட்டி வெள்ளையாகத்தான் இருக்கிறது. வாழைமரம் பச்சையாக இருக்கிறது. வெளிச்சத்தில் ஒரு தப்பும் இல்லை. அவள் கண் மட்டும் மஞ்சள்.

போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். உண்மையைச் சொல்கிறேன், கண்ணு, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷமாக நீ என்னைக் குத்தின குத்துக்கு ஆயுதம் கையில் வந்துவிட்டது. கலர் படித்தவளே, உன் கண்ணுக்குத் தெரிந்ததே, தெரிந்ததை நீயே துடைத்தாயே என்று எழுத வேண்டும் என்று வழியெல்லாம் வரி வரியாக அமைத்துக்கொண்டு வந்தேன். பத்தாவது தேறாதவனுக்கு அத்தனை நல்ல வரி எல்லாம் நேற்று வந்தது. நல்லூர் பிரிவு சிக்னலில் நின்றபோதுதான் அந்தப் படம் மறுபடி கண் முன்னால் வந்தது. அவள் பக்கத்தில், அதே வெயிலில், ஒட்டிக்கொண்டு நானும்தான் நிற்கிறேன். உன் போனைப் பார்த்து ஈயென்று இளிக்கிறேன். அம்மாவை ஒரு நாள் வாசலுக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டாயே. கூட்டிப் போயிருக்கிறேன். பார்க்கத்தான் இல்லை. பின்னால் வண்டிக்காரன் ஆரன் அடித்து, "பெரியவரே, பச்சை விழுந்திருச்சுங்க" என்று கத்தினான். அமைத்த வரி எல்லாம் அங்கேயே போய்விட்டது.

உன் மேல் கோபமே இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. என் மேல் இருக்கிற அளவுக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால்தான் ஒரு கேமே செய்துவிட்டாய். எனக்கு அந்த வித்தை தெரியாது, துணிதான் தைக்கத் தெரியும்.

இன்றைக்குக் காலையில் திரும்ப ஸ்டுடியோவுக்குப் போனேன். நீ சரி பண்ணின படத்தையே பெரிசாகப் போடச் சொல்லிவிட்டேன். மொதல் படத்தை அருண்குமார் போனிலிருந்து அழிக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்று அழித்தானா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இனி அது உன்னிடம் மட்டும்தான் இருக்கும். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

அப்புறம் உன் கேம் விஷயம். மொதல் கடிதத்தில் அந்த ஆளை ஒரு தடவை திரும்ப வை என்று கேட்டிருந்தேன். வேண்டாம். அவன் அப்படியே முதுகைக் காட்டி நிற்கட்டும். வழுக்கையை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கினாலும் சரி. வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் எல்லோர் கண்ணும் போகும் என்று நீதானே எழுதினாய். எல்லாரும் அவனையே பார்க்கட்டும். மாடிப்படியும் வைக்காதே. அந்தப் பக்கம் யாரும் பார்க்க வேண்டாம்.

திதி பங்குனிக் கடைசியில். ஐயர் காலையில் வந்துவிடுவார். வருவதும் வராததும் உன் மனசு. வந்தால் ராத்திரி பஸ்ஸில் வந்து இருட்டில் இறங்காதே, பகலில் வா. வந்தவுடன் உள்ளே ஓடாதே. வாசலில் கொஞ்ச நேரம் நில்லு. உன் முகத்தை வெயிலில் பார்க்க வேண்டும்.

அப்பா